காலதரும் கண்ணாடியும்

வீடு கட்ட விழையும் ஒருவர் நிலம் தெரிந்து, நாள் பார்த்து, அத்திவாரமிட்டுச் சுவரை இடுப்பளவுக்கு உயர்த்தியதும், தச்சர் ஒரு வினாவை எழுப்புவார். யன்னல்கள் எத்தனை? எவ்விடத்தில்? எவ்வகையின? இவ்வினாவுக்குரிய விடை பெரும்பாலும் அயல்வீட்டைப் பார்த்தே கூறப்படுகின்றது. அயலார் இரட்டைக் கதவு யன்னல் வைத்திருப்பின் அதுவே வேண்டுமென்பர். வழுக்கிச் செல்லும் கண்ணாடி யன்னல் வைத்திருப்பின் அதுவே அழகென்பர். சிறிய விடயமெனத் தோன்றும் இத்தெரிவே, ஒரு குடும்பம் ஐம்பது அறுபது ஆண்டுகள் எத்தகைய காற்றைச் சுவாசிக்கும், எத்துணை வெளிச்சத்திற் படிக்கும், இரவில் எவ்வளவு அமைதியாகத் துயிலும் என்பவற்றைத் தீர்மானிக்கின்றது.

வரலாற்றை நோக்குமிடத்து, இத்தெரிவைக் குடியிருப்போர் தாமே செய்த காலங்கள் சிலவே எனத் தெரியவரும். அரசனது வரியும், கண்ணாடி வினைஞரின் திறனும், தீயைப் பற்றிய அச்சமும், நோயைப் பற்றிய அச்சமும், ஆட்சி செய்தோரைப் பின்பற்றும் ஆசையுமே பல வேளைகளில் வீட்டுச் சுவரில் எவ்வகைத் திறப்பு அமைய வேண்டுமென்பதை வகுத்துள்ளன. அவ்வாறு பிறர் செய்த தெரிவுக்கு விலை கொடுத்தோர் வீட்டுக்குள் வாழ்ந்தோரே. ஆதலின் யன்னலின் வரலாறு அழகுக் கலையின் வரலாறு மாத்திரமன்று. மக்களின் உடல்நலத்தின் வரலாறுமாகும்.

முதலிற் சொற்களையே நோக்குவோம். பழந்தமிழில் யன்னலுக்குக் ‘காலதர்’ என்று பெயர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி எனப் பொருள்படும் இச்சொல் சிலப்பதிகாரத்தில் வருகின்றது. புகார் நகரத்து மாளிகைகளில் மானின் கண்களைப் போன்ற துளைகளையுடைய காலதர்கள் இருந்தனவென இளங்கோவடிகள் கூறுகின்றார். மற்றொரு சொல் ‘பலகணி’. பல கண்களையுடையது என்பது அதன் பொருள். உள்ளிருப்போர் வெளியே நோக்கவும், வெளியே நிற்போர் உள்ளே நோக்க இயலாதிருக்கவும் பல சிறு துளைகளோடு அமைந்த திறப்பினை அச்சொல் நினைவூட்டுகின்றது. மூன்றாவது சொல்லாகிய ‘யன்னல்’ தமிழ்ச் சொல்லன்று. போர்த்துக்கேயரின் ‘ஜனேலா’ என்னும் சொல்லே தமிழில் யன்னல் எனவும் சன்னல் எனவும் வழங்கலாயிற்று. அச்சொல் இலத்தீன் மொழியிற் கதவைக் குறிக்கும் சொல்லினின்றும் பிறந்தது. சிறு கதவு என்பதே அதன் அடிப்பொருள்.

காற்றின் வழி, பல கண், சிறு கதவு என்னும் இம்மூன்று பெயர்களிலும் யன்னலின் மூன்று கடமைகளும் அடங்கியுள்ளன. காற்றை விடுதல் ஒன்று. கண்ணுக்கு ஒளியையும் காட்சியையும் தருதல் ஒன்று. வேண்டாதவற்றைத் தடுத்துக் காவல் செய்தல் ஒன்று. காற்று, கண், காவல் ஆகிய மூன்றையும் ஒருங்கே நிறைவாகத் தரும் யன்னல் எந்நாட்டிலும் எளிதிற் கிடைத்ததில்லை. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றைச் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. எதனை விட்டுக்கொடுப்பது என்பதே யன்னல் தெரிவதன் சாரம்.

குளிர்நாடாகிய இங்கிலாந்திலும் தொடக்கத்தில் இந்நிலையே இருந்தது. ஆங்கிலத்தில் யன்னலைக் குறிக்கும் ‘விண்டோ’ என்னும் சொல், பழைய நோர்ஸ் மொழியிற் ‘காற்றின் கண்’ எனப் பொருள்படும் சொல்லின் வழிவந்தது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழியினரும் யன்னலுக்குப் பெயரிடும்போது காற்றையே முதலில் நினைத்தமை வியப்பிற்குரியது. ஆயினும் பனிக்காலத்திற் காற்றை விட்டால் குளிரும் உடன் வரும்; காற்றைத் தடுத்தால் இருள் சூழும். எண்ணெய் தோய்த்த துணியும், மெல்லிதாகச் சீவிய கொம்பும், மரப்பலகையுமே சாதாரண மக்களின் யன்னல்களை மூடின. ஒளியை விட்டுக் காற்றைத் தடுக்கும் பொருள் ஒன்று தேவைப்பட்டது. அதுவே கண்ணாடி.

கண்ணாடித் தகட்டை யன்னலிற் பொருத்துவதை உரோமர் அறிந்திருந்தனர். கி.பி. 79இல் வெசுவியசு எரிமலையின் சாம்பலிற் புதைந்த பொம்பெயி நகரத்தின் குளிப்பு மண்டபங்களில் அத்தகைய கண்ணாடிகள் இருந்தமையை அகழ்வாராய்ச்சி காட்டியுள்ளது. பிற்காலத்து ஐரோப்பியர் யன்னற் கண்ணாடியை இருவகையாகச் செய்தனர். உருகிய கண்ணாடியைக் குழலின் நுனியில் எடுத்து ஊதி, உருளை வடிவாக்கி, நீளவாட்டில் வெட்டி, சூளையில் மீண்டும் சூடாக்கி விரித்தல் ஒரு முறை. ஊதிய குமிழைத் தண்டின் நுனியில் வைத்து விரைவாகச் சுழற்றி, வட்டத் தட்டாக விரியச் செய்தல் மற்றொரு முறை. சுழற்றிய தட்டு மிகத் தெளிவானது. ஆனால் அதன் நடுவிலே தண்டு பொருந்திய தழும்பு தடித்து நிற்கும். அதனைச் சுற்றியுள்ள பகுதியிற் சிறு சிறு துண்டுகளையே வெட்ட முடியும். பழைய ஆங்கில வீடுகளின் யன்னல்கள் பல சிறு கட்டங்களாகப் பிரிந்திருப்பதைக் காண்போர் அதனை அழகெனக் கருதுவர். அவ்வழகு வினைஞரின் தட்டு அத்துணை சிறியதாயிருந்தமையாற் பிறந்தது.

கண்ணாடி கிடைத்தபின் அடுத்த தெரிவு எழுந்தது. யன்னற் கதவு எவ்வாறு திறக்க வேண்டும்? பழைய முறை பக்கத்திலே பிணைச்சல் பூட்டி, கதவைப் போலத் திறப்பது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் மற்றொரு முறை பரவியது. மேலும் கீழுமாக இரு சட்டங்களை அமைத்து, அவற்றைக் கயிற்றிற் கட்டி, கயிற்றைக் கப்பியின் மேலே செலுத்தி, அதன் மறுமுனையில் ஈயக் குண்டையோ இரும்புக் குண்டையோ தொங்கவிட்டனர். குண்டின் பாரமும் சட்டத்தின் பாரமும் சமமாதலின், ஒரு விரலாற் சட்டத்தை உயர்த்தலாம். விட்ட இடத்திலே அது நிற்கும். இத்தகைய ஏற்றியிறக்கும் யன்னல்கள் ஹாம் மாளிகையிலும், மூன்றாம் வில்லியம் மன்னரின் காலத்தில் ஹம்ப்டன் கோர்ட் அரண்மனையிலும் பொருத்தப்பட்டன. அரண்மனையில் இருந்தது விரைவிலே செல்வர் வீட்டுக்கு வந்தது. செல்வர் வீட்டில் இருந்ததை நடுத்தர வகுப்பினரும் விரும்பினர்.

இரண்டிற்கும் தத்தம் நன்மை தீமைகள் உண்டு. பிணைச்சலிற் சுழலும் கதவு முழுவதும் திறக்கும். வேண்டிய பக்கத்துக் காற்றை வீட்டுக்குள் திருப்பியும் விடும். ஆனால் கண்ணாடியின் பாரம் முழுவதையும் ஒரு பக்கத்துப் பிணைச்சலே தாங்குதலின், நாளடைவிற் கதவு தொய்ந்து நிலையிற் பொருந்தாது போகும். பலத்த காற்று அதனை அடித்து உடைத்தலும் கூடும். ஏற்றியிறக்கும் சட்டம் நேராகத் தொங்குதலின் தொய்வதில்லை, காற்றுக்கு அசைவதுமில்லை. மேற்சட்டத்தைச் சிறிது தாழ்த்தி, கீழ்ச்சட்டத்தைச் சிறிது உயர்த்தினால், வெப்பக் காற்று மேல்வழியாக வெளியேறக் குளிர்ந்த காற்று கீழ்வழியாக உள்ளே வரும். இஃது அதன் சிறப்பு. அதன் குறை யாதெனின், எவ்வளவு முயன்றாலும் யன்னலின் பாதியே திறக்கும் என்பதாகும். குளிர்நாட்டில் அக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. பிரான்சு நாட்டினரோ பக்கத்திலே திறக்கும் நீண்ட யன்னலையே பெரிதும் போற்றிவந்தனர். அயல்நாடுகளாகிய இரண்டும் இரு வழியிற் சென்றமை, யன்னலுக்கு ஒரே சரியான வடிவம் என ஒன்றில்லை என்பதைக் காட்டுகின்றது.

இத்தெரிவிலே சட்டமும் தலையிட்டது. 1666ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலண்டன் மாநகரின் பெரும்பகுதி தீக்கு இரையாயிற்று. மரச்சட்டங்கள் சுவரின் முகப்போடு ஒட்டியிருப்பின் தீ ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்கு எளிதிற் தாவும் என்னும் அச்சத்தினால், யன்னற் சட்டங்களைச் சுவரின் முகப்பிலிருந்து 4 அங்குலம் உள்வாங்கி அமைக்க வேண்டுமென்ற விதி 1709இல் இலண்டனில் நடைமுறைக்கு வந்தது. 1774ஆம் ஆண்டுச் சட்டம், குண்டுகள் தொங்கும் மரப்பெட்டியையும் செங்கற் சுவரின் பின்னே மறைக்குமாறு பணித்தது. இன்று அந்நகரத்துப் பழைய வீடுகளின் யன்னல்கள் ஆழ்ந்து நிழல் சூழ்ந்து காணப்படுவது, தீ கற்பித்த பாடத்தின் அடையாளமாகும். இங்கே சட்டம் மக்களுக்கு நன்மை செய்தது எனலாம். மற்றொரு சட்டம் செய்த தீமையோ பெரிது.

1696ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் வெள்ளி நாணயங்களின் ஓரங்களை வெட்டியெடுக்கும் குற்றம் மலிந்து, நாணயங்கள் எடை குன்றிக் கிடந்தன. அவற்றை மீட்டுப் புதிதாக அடிப்பதால் ஏற்பட்ட நட்டத்தை ஈடுசெய்ய அரசு வழி தேடியது. முன்னர் வீட்டு அடுப்புகளை எண்ணி வரி விதிக்கும் முறை 1662 முதல் 1689 வரை இருந்தது. அடுப்பை எண்ணுவதற்கு அதிகாரி வீட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தமையால் மக்கள் அதனை வெறுத்தனர். யன்னலையோ தெருவில் நின்றே எண்ணலாம். ஆதலின் யன்னல் வரி பிறந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் 2 சிலிங். பத்து யன்னல்கள் இருப்பின் மேலும் 4 சிலிங். இருபதாயின் மேலும் 8 சிலிங் என அது தொடங்கியது. செல்வர் வீட்டில் யன்னல் மிகுதி, ஏழையர் வீட்டிற் குறைவு. எனவே இவ்வரி நியாயமானது என்று அதனை வகுத்தோர் கருதினர். பின்னர் வீதங்கள் உயர்ந்தன. 1766இல் ஏழு யன்னல்களையுடைய வீடுகளும் வரிக்குள் அகப்பட்டன. இதற்கிடையில் 1746 முதல் கண்ணாடியின் எடைக்கும் தனித்தீர்வை விதிக்கப்பட்டது. வெளிச்சத்துக்கு இருமுறை வரி செலுத்தும் நிலை உருவாயிற்று.

மக்கள் செய்த முதற் காரியம் யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்ததாகும். அப்பழைய வீடுகளில் அடைத்த யன்னல்கள் இன்றும் காணப்படுகின்றன. அவற்றுட் சில முகப்பின் ஒழுங்குக்காகத் தொடக்கத்திலேயே போலியாகக் கட்டப்பட்டவை. பல வரிக்கு அஞ்சி அடைக்கப்பட்டவை. செல்வர்க்கு இஃது ஒரு சிறு தொல்லையே. சிலர் யன்னல்களைப் பெருக்கித் தம் செல்வத்தைக் காட்டவும் செய்தனர். உண்மையான துன்பம் பல ஏழைக் குடும்பங்கள் கூடி வாழ்ந்த பெரிய வீடுகளிலேயே நேர்ந்தது. அத்தகைய கட்டிடம் முழுவதும் ஒரே வீடாக மதிக்கப்பட்டது. வரி செலுத்தும் பொறுப்பு வீட்டுடைமையாளனுடையது. காற்றின்றி வாழும் பொறுப்பு குடியிருப்போருடையது. எனவே வீட்டுடைமையாளன் படிக்கட்டின் யன்னலையும், நடையின் யன்னலையும், சிற்றறைகளின் யன்னலையும் அடைத்துவிடுவான். தம் வீட்டு யன்னலைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவ்வேழைகளுக்கு எள்ளளவும் இருக்கவில்லை.

அதன் விளைவை ஒரு மருத்துவர் எழுதி வைத்துள்ளார். 1781இல் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள கார்லைல் நகரத்தில் ஒருவகைக் கொடிய காய்ச்சல் பரவிற்று. ஜோன் ஹேஷம் என்னும் மருத்துவர் அதன் தொடக்கத்தைத் தேடிச் சென்றபோது, மிக வறிய ஐந்தாறு குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த வீடொன்றைக் கண்டார். அறைகள் மிகச் சிறியவை. வரியைக் குறைப்பதற்காக அடைக்கத்தக்க யன்னல்கள் யாவும் அடைக்கப்பட்டிருந்தன. காற்றோட்டமின்மையே நோய்க்குக் காரணமென அவர் முடிவு செய்தார். அந்நோய் தைபசு காய்ச்சல் ஆகும். அதனைப் பரப்புவது உடற்பேன் என்பதைச் சார்ல்ஸ் நிக்கோல் 1909இல் நிறுவினார். ஆகவே ஹேஷம் கூறிய காரணம் முழுவதும் சரியன்று. எனினும் இருளும் நெருக்கமும் அழுக்கும் கூடிய அறையே பேன் பெருகுவதற்கு ஏற்ற இடம் என்பதில் ஐயமில்லை. அடைத்த யன்னல் தானே நோயைப் பிறப்பிக்கவில்லை. நோய்க்கு வேண்டிய வீட்டை அமைத்துக் கொடுத்தது.

அறிஞர்கள் இவ்வரியின் குறையை அறியாமலிருந்தாரல்லர். 1776இல் வெளிவந்த தம் பெருநூலில் ஆடம் சிமித் இதனை ஆராய்ந்தார். நாட்டுப்புறத்தில் 10 பவுண் வாடகையுள்ள வீட்டில், இலண்டனில் 500 பவுண் வாடகையுள்ள வீட்டிலும் பார்க்க மிகுதியான யன்னல்கள் இருத்தல் கூடும். ஆகவே செல்வரிலும் வறியவர் மீதே இவ்வரி கூடிய பாரமாக விழும் என்று அவர் காட்டினார். ஆயினும் எளிதிற் கிடைக்கும் வருவாயை எந்த அரசும் எளிதில் விடுவதில்லை. பிரான்சு நாடு 1798இல் இதனைப் பின்பற்றிக் கதவுக்கும் யன்னலுக்கும் வரி விதித்தது. அவ்வரி 1926 வரை, 128 ஆண்டுகள் நிலைத்தது. அதன் கொடுமையை விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நாவலிற் சுட்டியுள்ளார். இங்கிலாந்தில் மருத்துவர்களும் நகர நலத்தில் நாட்டமுடையோரும் பலகாலம் வாதாடியதன் பின்னர், 1845இற் கண்ணாடித் தீர்வை நீங்கிற்று. 1851 ஜூலை மாதத்தில் யன்னல் வரியும் நீங்கிற்று. 155 ஆண்டுகள் மக்கள் வெளிச்சத்துக்கு விலை கொடுத்திருந்தனர். அதே 1851இல், ஏறத்தாழ மூன்று இலட்சம் கண்ணாடித் தகடுகளால் ஜோசப் பக்ஸ்டன் அமைத்த பளிங்கு மாளிகை இலண்டனின் ஹைட் பூங்காவில் எழுந்து நின்றது. ஒளி மலிவாயிற்று. யன்னற் கண்ணாடிகள் பெரியனவாயின. சிறு கட்டங்கள் மறைந்தன. 1859இல் புளோரன்சு நைற்றிங்கேல் நோயாளர் பேணல் பற்றி எழுதிய நூலில், நோயாளியின் அறைக்காற்றை வெளிக்காற்றைப் போலத் தூயதாக வைத்திருத்தலே தாதியின் முதற் கடமை என வற்புறுத்தினார்.

இனி இலங்கைக்கு வருவோம். குளிர்நாட்டில் மக்கள் ஒளிக்கு ஏங்கினர். இங்கே ஒளிக்குக் குறைவில்லை. வெயிலைத் தடுத்துக் காற்றைப் பெறுவதே இங்குள்ள தேவை. யாழ்ப்பாணத்தார் காற்றை நான்காக வகுத்துப் பெயரிட்டுள்ளனர். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது சோழகம். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். இவ்வாறு காற்றைப் பெயர் சொல்லி அழைத்த மக்கள், அதனை எதிர்கொள்ளத் தெரியாது வீடு கட்டியிருப்பர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அவர்கள் கட்டிய நாற்சார் வீட்டில் வெளிச்சுவரில் யன்னல்கள் சிலவே. அவையும் சிறியவை, மரக்கம்பிகள் இட்டவை. அவ்வீட்டின் பெரிய யன்னல் சுவரில் இல்லை. வீட்டின் நடுவிலே, வானை நோக்கித் திறந்த முற்றமாக அமைந்தது. நாற்புறத்துத் தாழ்வாரங்களும் அறைகளை வெயிலினின்றும் காத்தன. பகலில் முற்றத்துக் காற்று வெம்மையுற்று மேலெழ, அறைகளின் காற்று அதனை நோக்கி நகர்ந்தது. இரவிற் குளிர்ந்த காற்று முற்றத்திற் படிந்தது. கிடுகு வேலி தெருவின் பார்வையைத் தடுத்தது. காற்று, கண், காவல் என்னும் மூன்றும் ஒரு யன்னலிற் கூடாதபோது, முழு வீட்டிலும் அவற்றைப் பகிர்ந்து வைத்த அறிவு இது.

இங்கும் அரசாணை வீட்டை அளந்ததுண்டு. கண்டி அரசிலே 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், குடிமக்கள் மாடி கட்டவும், ஓடு வேயவும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் அனுமதிக்கப்படவில்லை என 1681இல் வெளியிட்ட தம் நூலிற் குறித்துள்ளார். கரையோரத்திலோ அந்நியர் ஆட்சி நடந்தது. 1505இல் வந்த போர்த்துக்கேயர் யன்னல் என்னும் சொல்லோடு விறாந்தை, கதிரை, மேசை, அலுமாரி முதலிய சொற்களையும் விட்டுச்சென்றனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இந்நாட்டு வெயிலை ஓரளவு உணர்ந்து கட்டினர் எனலாம். உயர்ந்த கதவுகளும், பெரிய யன்னல்களும், தூண்கள் தாங்கிய அகன்ற விறாந்தையும், உள்முற்றமும் அவர்தம் வீடுகளின் இயல்பு. காலிக் கோட்டையிலும், கொழும்புப் புறக்கோட்டையில் நூதனசாலையாக விளங்கும் ஒல்லாந்தர் கால மாளிகையிலும் இவற்றைக் காணலாம். குளிர்நாட்டிலிருந்து வந்தவர் தம் நாட்டு வீட்டை அவ்வாறே பெயர்த்து வைக்காது, இந்நாட்டுத் தாழ்வாரத்தையும் முற்றத்தையும் ஏற்றுக்கொண்டமை ஈண்டு நோக்கத்தக்கது.

பிரித்தானியர் காலத்தில் யன்னலை மூடச் செய்த மற்றொரு காரணம் அச்சம். மலேரியா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியிற் கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலத்தின் இரவுக் காற்றே காய்ச்சலைத் தருகின்றது என நெடுங்காலம் நம்பியமையால், ஐரோப்பியர் இரவில் யன்னல்களை இறுக மூடினர். அவர்களைப் பார்த்துப் பிறரும் மூடினர். 1897இல் றொனால்ட் றோஸ் நுளம்பின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டபோது, காற்றின் மேலிருந்த பழி நீங்கிற்று. தடுக்க வேண்டியது நுளம்பையேயன்றிக் காற்றையன்று. மூட வேண்டியது கதவாலன்று, வலையால். 1934–35ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட மலேரியா, 2016இல் நாட்டினின்றும் முற்றாக அகன்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எனினும் டெங்கு நுளம்பு அகலவில்லை. நெருக்கமான கம்பிவலை பொருத்திய யன்னல் இன்றும் வீட்டின் காவலாளியே.

இக்காலத்திற் பழைய தெரிவு புதிய வடிவில் மீண்டும் வந்துள்ளது. 1959இல், உருகிய வெள்ளீயத்தின் மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிட்டு மாசற்ற தகடு செய்யும் முறையைப் பில்கிங்டன் நிறுவனம் உலகுக்கு அறிவித்தது. அதன் பின்னர் பெரிய கண்ணாடி எவர்க்கும் எட்டுவதாயிற்று. சுவரளவு கண்ணாடியும், அலுமினியச் சட்டத்தில் வழுக்கும் கண்ணாடிக் கதவும் புதுமையின் சின்னமாயின. ஆனால் வெயிலின் கோணம் மாறவில்லை. டிசெம்பர் 21ஆம் நாள் நண்பகலில் இலண்டனிற் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 15 பாகையே உயர்ந்து நிற்கும். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 57 பாகை உயரும். அங்கே கண்ணாடி வழியே வரும் வெயில் விருந்தாளி. இங்கே அது கடன்காரன். கண்ணாடி வெயிலை எளிதில் உள்ளே விடும்; உள்ளே பிறந்த வெம்மையை எளிதில் வெளியே விடாது. இவ்வாறு சூடேறிய அறையைக் குளிர்விக்க இயந்திரம் வேண்டும்; இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும்; மின்சாரத்துக்கு மாதந்தோறும் பணம் வேண்டும். எவரும் விதிக்காத யன்னல் வரி ஒன்றைச் செலுத்தத் தாமே உடன்படுவோர் இன்று பலர்.

இதனை உணர்ந்த கட்டிடக் கலைஞரும் இந்நாட்டில் இருந்தனர். 1960களின் தொடக்கத்திற் கொழும்பில் ஈனா டி சில்வா என்னும் கலைஞருக்காக ஜெப்ரி பாவா அமைத்த வீடு அதற்குச் சான்று. நகரத்துச் சிறு நிலத்தில், தெருவுக்குச் சுவரைக் காட்டி, நடுவிலே முற்றத்தை வைத்து, அதனைச் சூழ்ந்து காற்றும் நிழலும் உலவும் வீட்டை அவர் கட்டினார். பழைய வீட்டின் அறிவைப் புதிய வீட்டுக்கு எடுத்துக் கொடுத்தமையே அதன் பெருமை. 2020இற் கொரோனாத் தொற்று உலகைச் சூழ்ந்தபோது, மருத்துவர்கள் மக்களுக்குக் கூறிய அறிவுரைகளுள் ஒன்று யன்னலைத் திறந்து வையுங்கள் என்பதாகும். திறக்க முடியாத கண்ணாடி பொருத்திய வீட்டார் அன்று அவ்வறிவுரையைக் கேட்டு என் செய்வர்?

ஆதலின் யன்னல் தெரிவோர் அயல்வீட்டை நோக்குமுன் தம் நிலத்தை நோக்குதல் நன்று. எத்திசைக் காற்று எம்மாதத்தில் வருகின்றது என்பதை அறிதல் முதலாவது. மட்டக்களப்பில் ஆண்டின் நடுப்பகுதியில் அனலாக வீசும் கச்சானை மறிக்கவும், கடற்காற்றை வரவேற்கவும் வேண்டும். மலைநாட்டு நுவரெலியாவில் குளிரைத் தடுத்து வெயிலை ஏற்க வேண்டும். அங்கே கண்ணாடி பொருத்தமே. தாழ்நிலத்தில் ஒரு யன்னல் வைத்தால் அதற்கு எதிர்ச்சுவரில் மற்றொன்றும் வைத்தல் இரண்டாவது. புகும் வழியிருந்து போகும் வழியில்லையேற் காற்று வாசலிலேயே நின்றுவிடும். கிழக்கு மேற்குச் சுவர்களிற் சாய்ந்த வெயில் நேரே தாக்குமாதலின் அங்கே திறப்புகளைக் குறைத்தலும், வடக்குத் தெற்குச் சுவர்களிற் கூரையிறவாணத்தின் நிழலிலே பெரிய யன்னல்களை வைத்தலும் மூன்றாவது. முழுவதும் திறக்கும் இரட்டைக் கதவு காற்றை நிறையத் தரும். சாய்பலகை யன்னல் மழையைத் தடுத்துக் காற்றை விடும். வழுக்கும் கண்ணாடி இடத்தை மிச்சப்படுத்தினும் பாதியே திறக்கும். இவற்றை அறிந்து தெரிவோர் எதனைத் தெரிந்தாலும் பெரிதும் பிழைபோகார்.

கார்லைல் நகரத்து ஏழைகளுக்கு யன்னலைத் தெரியும் உரிமை இருக்கவில்லை. வரியும் வீட்டுடைமையாளனும் அவர்க்காகத் தெரிந்தனர். இன்று வீடு கட்டும் ஒருவரிடம் தச்சர் வந்து வினாவும்போது, அவ்வுரிமை முழுவதும் அவர் கையிலே உள்ளது. வாடகைக்கு விடுவதற்கெனக் கட்டுவோர் கையிலோ பிறரது மூச்சும் உள்ளது. சுவர் எழுந்து பூச்சு உலர்ந்தபின் யன்னலை மாற்றுதல் அரிது. ஆதலின் விடை கூறுமுன், ஒரு நாள் மாலை அரைகுறையாய் எழுந்த சுவர்களின் நடுவே அவர் சிறிது நேரம் நின்று, காற்று எப்பக்கமிருந்து முகத்திற் படுகின்றது என அறிந்து கொள்வாராக. முன்னோர் காலதர் என்று பெயரிட்டதன் பொருள் அப்போது அவர்க்கு விளங்கும்.